சனிக்கிழமைகளில் விக்கிய கார்

காலை மணி எட்டு பத்து. முதலில் கண்ணில் பட்டது கார் அல்ல, வாத்துகள். மலேசியாவின் கோல சிலாங்கூரில் எங்கள் பட்டறைக்கு எதிரே இருந்த வடிகாலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக்கூட்டம் மொத்தமாகக் கரையேறி, சாலையைக் கடந்து, பட்டறைக்குள் நுழைந்தது. அடுத்து ஒரு வெடிச் சத்தம். பக்கத்துக் கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்களில் இருவர் எழுந்து நின்றார்கள். ஒருவர் ரோட்டியை விடாமல் மேசைக்கு அடியில் போனார். அதற்குப் பிறகுதான் பச்சை நிறக் கார் ஒன்று வளைவில் திரும்பி, குலுங்கிக் குலுங்கி, விக்கல் எடுத்தவர் பேச முயல்வதைப் போல முக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் வெள்ளைச் சீருடை அணிந்த பெண். எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், கதவைச் சாத்தினார். புகைக்குழாயிலிருந்து இன்னொரு வெடி.

"பயப்படாதீங்க. நிறுத்தினப்புறம் கடைசியா ஒண்ணு போடும். காலையிலேருந்து இதான் பழக்கம்," என்றார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இப்போது எழுதக் காரணம் வேறொரு கார், என்னுடையது. அண்மையில் அது மக்கர் செய்ததால் ரவாங்கில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினார். தேநீர் ஆறுவதற்குள் பெட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அங்கிள்."

"ஏன் மிஸ்ஃபயர்?"

"அத பொட்டி சொல்லாது அங்கிள். நாமதான் தேடணும்." பிறகு அவரே கேட்டார்: "அங்கிளும் இதே வேலைதானே பார்த்தீங்க? பொட்டி இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் நட்டு கழுவினேன். பிறகு நட்டு கழற்றினேன். பிறகு, கழற்றிய நட்டைத் திரும்பப் போடவும் அனுமதித்தார்கள். இடையில் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்திகள் எழுதி அனுப்பும் வேலையும் அமைந்தது. கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, வெள்ளம். யார், எங்கே, எப்போது என்பதை முதல் வரியில் சொல்லிவிடு, அழுகையைக் கடைசியில் வை என்பது அங்கே இருந்த ஆசிரியரின் ஒரே அறிவுரை. பட்டறையிலும் அதே பாடத்தை வேறொருவர் வேறு விதமாக நடத்திக்கொண்டிருந்தார்.

அவர் எங்கள் ஃபோர்மேன் லிம். அப்பா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவார். திட்டும்போது அந்த வேகம் இன்னும் கூடும். கட்டைக் குட்டையான உருவம், வெள்ளை பனியன், காலில் ஜப்பான் சிலிப்பர் என்ற ரப்பர் செருப்பு. நூல் கட்டிய பிளாஸ்டிக் பையில் கோப்பி வாங்கி, பழுது பார்க்கும் காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிடுவார். பை காலியாகும்வரை பானெட்டைத் தொடமாட்டார். அதுவரை கார்க்காரரிடம் கேள்விதான். எப்போது விக்குகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மேட்டிலா, சமதரையிலா? மழைக்குப் பிறகா, பெட்ரோல் போட்ட பிறகா?

கேள்வி முடிந்ததும் சிலிப்பரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வெறுங்காலைக் காரின் தரையில் பதித்துக்கொள்வார். "அசாம் ஜாவா வரைக்கும் போய்ட்டு வா," என்பார். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டார். முதல் முறை வரும் வாடிக்கையாளர்கள் அவர் தூங்குவதாக நினைத்துக்கொள்வார்கள்.

எங்களில் யாராவது, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு ஃபோர்மேன்," என்று சொன்னால் உடனே கேட்பார்: "பார்த்ததா, நினைச்சதா?" நினைத்தது என்றால் அந்தச் செய்தி அவரிடம் அச்சேறாது.

மிஸ்ஃபயர் என்றால் என்ன என்பதை அவர் சொல்லும் விதம் இது. எஞ்சினில் நான்கு சிலிண்டர். சாமி பல்லக்குத் தூக்கும் நான்கு பேர் என்று வைத்துக்கொள். ஒவ்வொருவரும் காற்றும் பெட்ரோலும் கலந்து ஒரு வாய் வாங்க வேண்டும், அதை நன்றாக அமுக்க வேண்டும், சரியான நேரத்தில் மேலே உள்ள பிளக்கில் பொறி விழ வேண்டும். விழுந்தால் ஒரு தள்ளு. கலவை வரவில்லை, அமுக்கம் இல்லை, பொறி இல்லை, அல்லது பொறி நேரம் தவறி விழுகிறது. இவற்றில் எது நடந்தாலும் ஒருவர் கால் இடறுகிறார், பல்லக்கு ஆடுகிறது. எரியாமல் போன பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்தால் வெடி. வாத்துகளுக்குத் தெரிவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான்.

இடறுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிளக்கின் ஒயராகக் கழற்ற வேண்டும். ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் இன்னும் மோசமாகத் தள்ளாடினால் அவர் நல்ல வேலைக்காரர், திரும்ப மாட்டிவிடலாம். கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஆள் அவர்தான். "சும்மா நிக்கிறவன வீட்டுக்கு அனுப்புனா தோட்டத்துல என்னா வித்தியாசம் தெரியப் போவுது?" என்பார் லிம். ரப்பர் குழாய் சுற்றிய இடுக்கியால்தான் கழற்ற வேண்டும். மறந்தால் எஞ்சினே நினைவூட்டும். நான் பல தடவை நினைவூட்டப்பட்டிருக்கிறேன்.

யார் என்பது தெரிந்துவிடும். ஏன் என்பதுதான் பிழைப்பு.

ஓர் உதாரணம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் கார் அவருடைய மாமியார் ஏறினால் மட்டும் விக்கியது. "நான் ஒண்ணும் சொல்லல சார், காருக்கே பிடிக்கல," என்று ஆசிரியர் எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்தது கவலை அல்ல. லிம் நம்பவில்லை. மாமியாரையே வரவழைத்தார். அவரைப் பின்னால் உட்காரவைத்து புக்கிட் மெலாவத்தி ஏற்றத்தில் ஓட்டச் சொன்னார். கார் விக்கியது. மாமியாரை இறக்கிவிட்டு, அதே இடத்தில் எங்கள் பட்டறை ஆட்கள் இருவரை ஏற்றினார். அப்போதும் விக்கியது. எஞ்சினுக்குப் பாரம் கூடும்போது பொறிக்கு அதிக அழுத்தமுள்ள கரண்டு தேவைப்படும். பழைய ஒயர் ஒன்றின் உறையில் மயிரிழைபோல வெடிப்பு. பாரமில்லாத நேரத்தில் கரண்டு ஒழுங்காக பிளக்குக்குப் போனது, பாரம் ஏறினால் வெடிப்பு வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவியது. ஒயரை மாற்றினோம். ஆசிரியர் அவ்வளவாக மகிழவில்லை. மாமியார் பட்டறைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பினார்.

பச்சைக் காருக்கு வருகிறேன்.

ஓட்டி வந்தவர் பாக்கியம் மிஸ்ஸி. தோட்டத்து மருத்துவச்சியை அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வீடு ஏழாங்கட்டைத் தோட்டத்தில். பக்கத்துத் தோட்டங்களும் அவர் பொறுப்பு. முன்பெல்லாம் பிரசவ வலி என்று ஆள் வந்தால், லோரியோ டிராக்டரோ கிடைக்கும்வரை பையைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் நிற்பார். மேல் டிவிஷனில் சரசு என்ற பெண்ணின் முதல் பிள்ளை, மிஸ்ஸி போய்ச் சேர்வதற்குள் டிராக்டர் வண்டியில் உர மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தது. அதற்குப் பிறகு நிர்வாகம் ஒரு பழைய ஆங்கிலேயக் காரை மிஸ்ஸிக்கு ஒதுக்கியது. அவரும் உரிமம் எடுத்து ஓட்டப் பழகிவிட்டார். ஆனால் அந்தக் கார் மீது தோட்டத்து வெளிவேலைகளை மேற்பார்வையிடும் கண்டக்டருக்கு ஒரு கண். அவருக்குத் தரலாமா என்று தோட்டத்து அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு ஒரு யோசனை. ஏதாவது சாக்குக் கிடைத்தால் போதும் என்ற நிலை.

"இது நின்னு போச்சுன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கிடுவாங்க தம்பி," என்றார் மிஸ்ஸி. "சரசு மறுபடியும் மாசமா இருக்கா. இந்தத் தடவையும் ஒர மூட்டதான்னா அவ எம்மொகத்துலயே முழிக்க மாட்டா."

அதே வாரத் தொடக்கத்தில்தான் கார் எங்களிடம் ஆயில் மாற்ற வந்திருந்தது. அன்று கூடவே வந்தவர் மிஸ்ஸியின் கணவர் தங்கையா. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் பூசாரியும் அவரே. மனைவியைவிட அந்தக் காரின் மீது அவருக்குப் பெருமை அதிகம். மனைவியை வீட்டிலும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இதுல உசுரு எங்க இருக்கு?" என்று கேட்டார். லிம்முக்கு நல்ல மனநிலை. வரிசையாக நிற்கும் நான்கு பிளக்குகளைக் காட்டினார். "இங்கதான் நெருப்பு பொறக்குது. இந்த நாலு பேருல ஒருத்தன் நெருப்பு வுடலன்னாலும் வண்டி போவாது." தங்கையா அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இதை நான் பார்த்தேன், நினைக்கவில்லை.

முதல் சனிக்கிழமை, விக்கியது மூன்றாவது சிலிண்டர். லிம்மின் முறைப்படி, பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதன் தலையையும் சுற்றுப்புறத்தையும் துணியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே சிலிண்டருக்குள் விழும். ஒன்றுக்காக மற்றவற்றை விடக்கூடாது, நான்கையும் துடைக்க வேண்டும். நான் துடைத்தேன். துணியில் மஞ்சளும் செம்மையுமாகப் பொடி ஒட்டியது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் எந்தக் காரிலும் அப்படித்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முனை நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தது. பொறி விழவில்லை என்று அர்த்தம். புதுப் பிளக் போட்டோம். எஞ்சின் பூனைபோல் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை. வாத்துகள் வந்தன. இந்த முறை முதல் சிலிண்டர். துடைத்தேன், கழற்றினேன். நான்கு பிளக்கும் புதிதாயின, ஒயர்களும் புதிதாயின. எஞ்சின் பூனைபோல் ஓடியது. மூன்றாவது சனிக்கிழமை இரண்டாவதும் நான்காவதும். லிம் நான்கு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பாயிண்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, கண்டென்சரை மாற்றி, மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, அதில் இருந்ததைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தண்ணீர் தனியாக நிற்கிறதா என்று பார்த்தார். நிற்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். எஞ்சின் பூனைபோல் ஓடியது. எதைத் தொட்டாலும் குணமாகிவிடுகிறது என்பதுதான் லிம்மை அதிகம் வருத்தியது.

இதற்குள் விஷயம் கோப்பிக் கடையின் பொதுச் சொத்தாகிவிட்டது. பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் ஏற்றி வரும் வேன்காரர், உப்புக் காற்று என்றார். ஏழாங்கட்டையில் ஏது கடல் என்று கேட்டதற்கு, காற்றுக்குக் கால் இல்லை என்றார். மேசைக்கு அடியில் போனவர் வேறு கட்சி.

"சனிக்கெழம சனிக்கெழம வருதுன்னா இதுக்கு மெக்கானிக் எதுக்குலா? சனி புடிச்சிருக்கு. எள்ளு வெளக்குப் போடச் சொல்லுங்க."

லிம் நிமிர்ந்தார். "சனி யாரு? அவருக்கு லைசென் இருக்கா?"

"ஃபோர்மேன், வெளையாடாதீங்க. நவக்கெரகம்."

"பார்த்ததா, நினைச்சதா?"

நான்காவது சனிக்கிழமை பச்சைக் கார் சொந்தக் காலில் வரவில்லை. டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது. பின்னாலேயே தம் சொந்தக் காரில் பெரிய கிராணி. வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, சட்டைப் பையில் பேனாக்கள். டிராக்டர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் கோப்பிக் கடையிலிருந்து சனீஸ்வரர் பேச்சு அவர் காதுக்கு வந்துவிட்டது.

"கார்ல சனியும் கெடையாது, சாமியும் கெடையாது. காருக்கு வேண்டியது பெட்ரோல், ஆயில், தண்ணி," என்றார் அவர். "ஃபோர்மேன், இன்னும் ஒரே வாரம். அடுத்த சனிக்கெழம இது நின்னுச்சுன்னா கார் கண்டக்டருக்கு. மிஸ்ஸிக்குப் பழையபடி டிராக்டர் அனுப்பிக்கலாம்."

மிஸ்ஸி டிராக்டரை மட்டும் ஒருமுறை பார்த்தார். சரசுவுக்கு நாள் நெருங்கியிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் வழக்கம்போல் துடைத்தேன், பிளக்குகளைச் சுத்தம் செய்து மாட்டினேன். எஞ்சின் பூனைபோல் ஓடியது. அன்று லிம் இரண்டாவது கோப்பி வாங்கினார். அதை முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஞாயிறு ஓடுது. திங்க ஓடுது. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் ஓடுது. அப்ப காருக்கு நோவு இல்ல. வெள்ளிக்கெழமைக்குத்தான் நோவு. நீ பேப்பர்காரந்தானே? போய் வெள்ளிக்கெழமையப் பாரு."

வெள்ளிக்கிழமை மாலை என் மோட்டார் சைக்கிளில் ஏழாங்கட்டைக்குப் போனேன். ஒளிந்து பார்க்கவெல்லாம் இல்லை. கோயில் திருவிழாச் செய்திக்காக வந்தேன் என்றதும் தங்கையா நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மிஸ்ஸி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார். தகரக் கூரை போட்ட கொட்டகையில் பச்சைக் கார் நின்றது. தங்கையா குளித்து, வேட்டி மாற்றி, வீட்டில் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

முன் விளக்குகளுக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு. சக்கரங்களுக்குத் தண்ணீர் தெளித்தார். பிறகு, வெகுநாள் பழக்கம்போல, பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். கிண்ணத்திலிருந்த சந்தனத்தை விரலில் குழைத்து, முதல் பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மீது வைத்தார். அந்தக் காலத்து பிளக்குக்கு இப்போதுபோல் முழு உறை கிடையாது, பீங்கான் வெளியே தெரியும். சந்தனத்துக்கு மேல் குங்குமம். பிறகு இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு, நான்காவதுக்கு. தாராளமான கை. சந்தனம் வழிந்து, மேலே ஒயர் மாட்டும் இடத்திலிருந்து கீழே இரும்புவரை மஞ்சள் கோடு இழுத்தது.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, இது எப்பலேருந்து?"

"ஆயில் மாத்த வந்தோம்ல, அந்த வாரத்திலேருந்து. ஃபோர்மேன்தானே காட்டுனாரு, இங்கதான் நெருப்பு பொறக்குதுன்னு. அது தெரியாம வெறும் வெளக்குக்கு வச்சுக்கிட்டிருந்தேன் இத்தன நாளும்." குரலைத் தாழ்த்தினார். "அடிக்கடி நின்னு போவுதா, அதான் போன வாரம் கொஞ்சம் கூடவே வச்சேன். இன்னிக்கி ரோஸ் தண்ணி ஊத்திக் கொழச்சிருக்கேன். நாளைக்கி நிக்காது பாருங்க."

பிளக்குக்கு வரும் கரண்டு சோம்பேறி. உள்ளே போய் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழுவதைவிட, வெளியே ஈரமான கோடு ஒன்று கிடைத்தால் அதன் வழியே இரும்பில் இறங்கிவிடும். காய்ந்த சந்தனம் என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆற்றோரத் தோட்டத்தில் விடியற்காலைப் பனி அதைத் திரும்ப நனைத்துவிட்டது. எந்த பிளக்கில் அதிகம் வழிந்ததோ அந்த வாரம் அவர் இடறினார். சனிக்கிழமை காலை நான் துணியை எடுத்துத் துடைத்ததும் எல்லாரும் குணமானார்கள். பட்டையாகக் குறுக்கே திருநீறு பூசியிருந்தால்கூட இவ்வளவு வராது, மேலிருந்து கீழே கோடு விழுந்ததுதான் வினை.

ஆனால் சாமிக்கு வைத்ததைப் பூசாரி முன்னால் துணியால் துடைப்பது எப்படி? நான் நின்றுகொண்டிருக்கும்போதே மிஸ்ஸி கரண்டியோடு வெளியே வந்தார். பானெட்டைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான் மிஸ்ஸி," என்றேன்.

"போன வெள்ளிக்கெழம என் நெத்திக்குச் சந்தனம் கேட்டப்ப தீந்து போச்சுன்னு சொன்னீங்களே," என்றார் கணவரிடம். "இங்கதான் தீந்துச்சா?"

"நீ பொழைக்கிறதே அதாலதானே மிஸ்ஸி..."

"நான் பொழைக்கிறது இருக்கட்டும். அது பொழைக்க வேணாமா?"

நான் விளக்கினேன். தங்கையா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டார். நின்று போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அவர் வைத்ததுதான் நிறுத்தியது, நிறுத்தியதால் இன்னும் அதிகமாக வைத்தார், அதனால் இன்னும் நின்றது. எப்படிச் சொன்னாலும் இது நல்ல செய்தியாக வரவில்லை. அவர் முகம் வாடியது.

மிஸ்ஸி அதற்குள் பிரசவப் பையைக் கொண்டுவந்துவிட்டார். ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்தார். "மொதல்ல அந்தக் கற்பூரத் தட்ட அந்தாண்ட கொண்டு போங்க. நாளைக்கி நிக்கிறதுக்குப் பதிலா இன்னிக்கே கொளுத்திடாதீங்க." பிறகு ஒவ்வொரு பீங்கானையும், பிறந்த குழந்தையின் தொப்புளைத் துடைப்பதைப் போல, மேலிருந்து கீழாக ஒரு துடைப்பு, பஞ்சை மாற்றி மறு துடைப்பு. என் துணி ஒருநாளும் அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை.

"அப்ப நான் எங்கதான் வைக்கிறது?" என்றார் தங்கையா. கேள்வி என்னை நோக்கி வந்தது. அது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. ஃபோர்மேனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

சனிக்கிழமை லிம்மிடம் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். அவர் கோப்பியை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"நெருப்பு பொறக்குதுன்னு நான் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"நினைச்சதா?"

"கேட்டது."

அவர் பையைத் திரும்பக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பாதி கோப்பியோடு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மணி எட்டு பத்து. வாத்துகள் வடிகாலிலேயே இருந்தன. லிம் சாலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கோப்பிக் கடைக்காரர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. "நடுவழியில படுத்திருக்கும்லா," என்றார் மேசைக்கு அடியில் போனவர். லிம் அவரைக் கேள்வி கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு மேல், கார் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசலில் நின்றது. மிஸ்ஸியின் சீருடை கசங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் தங்கையா.

"விடியக்காலையிலயே மேல் டிவிஷன்லேருந்து ஆள் வந்துட்டாங்க," என்றார் மிஸ்ஸி. "சாவியத் திருப்புனேன், ஒரே எடுப்புல எடுத்துக்கிச்சு. ஆபீஸ் வாசல்ல பெரிய கிராணி கைய கட்டிக்கிட்டு நின்னாரு. நின்னுக்கிட்டே இருக்கட்டும்னு போய்ட்டேன்."

"சரசு?" என்றார் லிம்.

"பொண்ணு. அவங்க வூட்டுக் கட்டில்லயே."

கோப்பிக் கடையில் யாரோ கை தட்டினார்கள். மீன் வேன்காரர், காற்றின் திசை மாறியிருக்கும் என்றார். தங்கையா மட்டும் இறங்கி நேரே லிம்மிடம் வந்து, சந்தனத்தை எங்கே வைப்பது என்ற தம் கேள்வியைக் கேட்டார்.

லிம் சிலிப்பரைக் கழற்றிவிட்டுப் பானெட்டைத் திறந்தார். பிளக்குகளைப் பார்த்தார், டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தார், மின்கலத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்று விட்டார். கடைசியில் எஞ்சினுக்கு மேலே தட்டுபோல வட்டமாக இருந்த காற்று வடிகட்டி மூடியைத் தம் கையாலேயே துடைத்துப் பளபளப்பாக்கினார்.

"தங்கையா, நெருப்பு பொறக்குற எடத்துல வெக்காத. அங்க கரண்டு ஓடுது, அதுக்குச் சாமியும் தெரியாது, லிம்மும் தெரியாது. இது மூச்சு வாங்குற எடம். மூச்சு இல்லாம நெருப்பு ஏது?"

தங்கையா அதைச் சுற்றி வந்து பார்த்தார். அளவும் அவருக்குப் பிடித்திருந்தது.

"வழிஞ்சா?"

"எவ்ளோ வேணா வழியட்டும்லா. ரோஸ் தண்ணி ஊத்து."

அதற்குப் பிறகு பச்சைக் கார் எங்களிடம் ஆயில் மாற்றத்தான் வந்தது. சாவி மிஸ்ஸியிடமே இருந்தது. கண்டக்டர் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டார். நான் பிளக்கைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை, வேலையிலிருந்து நிற்கும்வரை விடவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பெரிய கிராணி தம் சொந்தக் காரை ஆயில் மாற்ற அனுப்பிவைத்தார். பானெட்டைத் திறந்தேன். காற்று வடிகட்டி மூடியின் நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். இன்னும் காயவில்லை.